பத்மநாபபுரம் அரண்மனை: அண்ணாந்து பார்க்க வேண்டிய அறைகள்

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்வந்தவர்களைக் கேட்டால் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "நல்லா இருந்துச்சு, ஆனா உள்ளே ஒண்ணும் இல்லையே." தங்கத் தகடு இல்லை, கண்ணைப் பறிக்கும் தர்பார் இல்லை, மைசூரில் இருப்பதுபோல விளக்குச் சரங்கள் இல்லை. மங்கலான அறைகள், குனிந்து நுழைய வேண்டிய வாசல்கள், எங்கே திரும்பினாலும் மரம். முக்கால் மணி நேரத்தில் சுற்றிவிட்டு, வெளியே இளநீர் குடித்துவிட்டு, கன்னியாகுமரிக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. இங்கே வேலைப்பாடெல்லாம் தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் இருக்கிறது. கண்மட்டத்தில் பார்த்துக்கொண்டே நடந்தால் நிஜமாகவே ஒன்றும் தட்டுப்படாது.

அதனால் இந்தப் பதிவில் வரலாற்றைச் சுருக்கமாக முடித்துவிட்டு, எந்த அறையில் எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், அது ஏன் அப்படி இருக்கிறது என்பதைத்தான் விரிவாக எழுதப்போகிறேன்.

இடம்: கன்னியாகுமரி மாவட்டம், தக்கலையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர். பழைய பெயர் கல்குளம். 1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் இங்கே அரண்மனை கட்டியதாகச் சொல்வார்கள். உள்ளே இருக்கும் தாய்க்கொட்டாரம் (கொட்டாரம் என்றால் அரண்மனை) அதற்கும் முந்தையது. இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்குப் பெரும்பங்கு காரணம் மார்த்தாண்ட வர்மர். 1729 முதல் 1758 வரை ஆண்டவர். 1750-ல் திருவிதாங்கூர் நாட்டையே பத்மநாபசுவாமிக்குச் சமர்ப்பித்து, 'பத்மநாப தாசன்' என்ற பெயரில் ஆளத் தொடங்கினார். ஊரும் பத்மநாபபுரம் ஆனது. 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. அரண்மனை தப்பியதே அதனால்தான் என்பது என் எண்ணம். ஆட்சி இங்கேயே தொடர்ந்திருந்தால் அடுத்த நூறு ஆண்டுகளில் ஐரோப்பிய பாணியில் இடித்துக் கட்டியிருப்பார்கள்.

1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோதும் அரண்மனை கேரள அரசின் பொறுப்பிலேயே நின்றது. இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. நிலம் தமிழ்நாடு, கட்டடம் கேரளம். 2014-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றது.

இனி போகும் வழி. நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து மார்த்தாண்டம், திருவனந்தபுரம் போகும் வண்டிகள் தக்கலையில் நிற்கும். அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். காலையில் என்றால் நடந்தே போகலாம். ரயிலில் வருகிறவர்களுக்கு இரணியல் பக்கம், ஆனால் எல்லா வண்டியும் அங்கே நிற்காது. நாகர்கோவிலில் இறங்குவதே நிச்சயம்.

திங்கட்கிழமை விடுமுறை. இதைத் தெரியாமல் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்கள் வாராவாரம் உண்டு. மற்ற நாட்களில் காலை 9 மணிக்குத் திறப்பார்கள். மதியம் 1 முதல் 2 வரை சாப்பாட்டு இடைவேளை. மாலை நாலரைக்கு மேல் சீட்டு கிடைப்பது சிரமம். இந்த இடைவேளைதான் பலருடைய திட்டத்தைக் கெடுக்கிறது. பன்னிரண்டரைக்கு உள்ளே போனால் ஊழியர்கள் விரட்டாத குறையாக நகர்த்துவார்கள். அவர்களுக்கும் பூட்ட வேண்டிய அறைகள் ஏராளம். ஒழுங்காகப் பார்க்க இரண்டரை மணி நேரம் வேண்டும். ஆகவே ஒன்பது மணிக்கே வாசலில் நில்லுங்கள். பதினொன்றுக்கு மேல் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வரும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போய்விட்டுக் கன்னியாகுமரி வருகிற கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

செருப்பை வெளியே விட்டுவிட வேண்டும். இது வெறும் மரியாதைக்காக வைத்த விதி இல்லை. காரணம் பின்னால் வருகிறது. காலுறை போட்டுக்கொண்டு போகலாமே என்று நினைக்காதீர்கள். மரப்படிகள் செங்குத்தானவை, நூற்றாண்டுக் கணக்கில் கால்பட்டு வழுவழுப்பானவை. காலுறையோடு ஏறினால் வழுக்கும். வெறுங்கால்தான் பிடிப்பு. நண்பகலில் முற்றத்துக் கல் சுடும் என்பது இன்னொரு காரணம், காலையிலேயே போகச் சொல்வதற்கு.

வாசல் கட்டடமான படிப்புரையைத் தாண்டி முற்றத்துக்கு வந்ததும் எதிரே முக்கோண முகப்போடு நிற்பது பூமுகம். வந்தவர்களை வரவேற்கும் திண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் நேரே சுவரோரம் போய்விடுவார்கள். சீன வணிகர்கள் கொடுத்த நாற்காலி, திருவோணத்துக்குச் சிற்றரசர்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த ஓணவில்லுகள் (சடங்கு விற்கள்), பளபளப்பான கருங்கல் கட்டில் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பாருங்கள், ஆனால் அதற்கு முன் நடுவில் நின்று மேலே பாருங்கள்.

மச்சு, அதாவது தலைக்குமேல் உள்ள மரத்தளம், முழுக்கச் செதுக்கிய பூ. மொத்தம் 90 பூக்கள், ஒன்றைப்போல் ஒன்று இல்லை என்பது கணக்கு. முதல் பார்வையில் எல்லாம் தாமரையாகத்தான் தெரியும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். ஒன்றில் இதழ்கள் குவிந்திருக்கும், இன்னொன்றில் விரிந்து நுனி வளைந்திருக்கும். ஒன்றில் நடுப்பொகுட்டு துருத்தும், இன்னொன்றில் உள்ளடங்கும். இது புரிய உங்கள் கண் இருட்டுக்குப் பழக வேண்டும். வெயிலிலிருந்து உள்ளே வந்த முதல் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மச்சு வெறும் பழுப்புப் பலகையாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில்தான் பெரும்பாலோர் "சரி, அடுத்து" என்று நகர்ந்துவிடுகிறார்கள். கல் கட்டிலைப் பார்ப்பது, ஓணவில்லைப் பார்ப்பது என்று அங்கேயே ஐந்து நிமிடம் கழித்துவிட்டு மறுபடி அண்ணாந்தால், அதே மச்சில் நிழலும் மேடும் பள்ளமும் தெளிந்து வரும்.

பூமுகத்தில் சங்கிலியில் தொங்கும் குதிரை விளக்கையும் விட்டுவிடாதீர்கள். குதிரையும் அதன்மேல் வீரனும் கொண்ட வெண்கல விளக்கு. எந்தத் திசைக்குத் திருப்பி விட்டாலும் அந்தத் திசையிலேயே நிற்கும் என்று ஊழியர் காட்டுவார். சாதாரணச் சங்கிலியில் தொங்கும் பொருள் முறுக்கிவிட்டால் பழைய நிலைக்கே சுழன்று வரும். இதில் சங்கிலிக் கண்ணிகளின் அமைப்பும், உருவத்தின் பாரம் சரியாக நடுவில் விழும்படி வார்த்திருப்பதும் சேர்ந்து அந்த முறுக்கை வரவிடாமல் செய்கின்றன. வார்ப்புக்காரருக்கு எடைக்கணக்கு விரல்நுனியில் இருந்திருக்கிறது.

பூமுகத்துக்கு மேலே இருப்பது மந்திரசாலை. அரசர் அமைச்சர்களோடு கூடி ஆலோசித்த இடம். ஒடுக்கமான மரப்படி, ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். தலை இடிக்கும், உயரமானவர்கள் கையை முன்னால் நீட்டிக்கொண்டு ஏறுவது நல்லது. இந்த அரண்மனை முழுவதிலும் நிலைகள் தாழ்வானவை. கூரையே தாழ்ந்து இறங்குவதால் வந்த உயரம் அது.

என்னைக் கேட்டால் மொத்த அரண்மனையிலும் அதிக நேரம் நிற்க வேண்டிய அறை இதுதான். உள்ளே போனதும் முதலில் தெரிவது குளிர்ச்சி. வெளியே வெயில் கொளுத்தும்போதும் இங்கே சில்லென்று இருக்கும். சுவர் என்று சொல்ல அதிகம் இல்லை. வரிசையாகச் சாய்த்துப் பொருத்திய மரச் சட்டங்கள்தான். ஒவ்வொரு சட்டமும் வெளிப்பக்கம் தாழ்ந்து, அடுத்த சட்டத்தின் மேல் நிழல் விழும்படி நிற்கிறது. உச்சிவெயில் மேலிருந்து வருவதால் சட்டத்தின் முதுகில் பட்டு நின்றுவிடும். காற்று கீழிருந்து இடைவெளி வழியே ஏறி வரும். மழைச்சாரல் சட்டத்தின் சரிவிலேயே வெளியே வழிந்துவிடும். உள்ளே உட்கார்ந்தவருக்கு முற்றத்தில் நடப்பது தெரியும். முற்றத்தில் நிற்பவருக்கு உள்ளே யார் என்று தெரியாது. ஆலோசனை மண்டபத்துக்கு வேறென்ன வேண்டும்? ஒரே மரச்சட்டம் வெயில், மழை, காற்று, ரகசியம் நான்கையும் கவனித்துக்கொள்கிறது. அலங்காரம் என்று நாம் ரசிப்பது அந்த வேலையின் வடிவத்தைத்தான். சன்னல்களில் வண்ணக் காக்காப்பொன் (மைக்கா) தகடுகளும் பதித்திருக்கிறார்கள். கண்ணாடிபோல் வெளிச்சத்தை விடும், ஆனால் கூசவைக்காது, புழுதியும் அண்டாது.

அடுத்து குனியுங்கள். தரை கறுப்பாகப் பளபளக்கும். கருங்கல்லோ என்று தொட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. இல்லை, அது பூச்சு: சுண்ணாம்பு, எரித்த சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு, இவற்றோடு செடிச்சாறுகளும் சேர்த்ததாகச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. சுண்ணாம்புதான் உடல். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெதுவாக இழுத்து மறுபடி கல்லாகிறது. இதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். அவசரப்பட்டு வெயிலில் காயவிட்டால் வெடிப்பு விடும். சிரட்டைக் கரி நிறத்துக்கு. வெள்ளைக்கரு சுண்ணாம்புத் துகள்களின் இடைவெளியை அடைத்து மேல்தோலை இறுக்கும். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப் பூச்சைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்த வழுவழுப்பு பழகியதாக இருக்கும். அதுவும் சுண்ணாம்பையும் வெள்ளைக்கருவையும் நம்பிய வேலைதான். வெண்மைக்குப் பதில் இங்கே கறுப்பு, சுவருக்குப் பதில் தரை.

இப்போது செருப்புக்கு வருகிறேன். இந்தப் பளபளப்பு மேலே உள்ள மெல்லிய தோலில் மட்டும்தான். செருப்பில் ஒட்டிய ஒரு மணல் துகள் போதும், கீறல் விழ. கீறலில் ஈரம் இறங்கும், ஈரம் இறங்கிய இடம் மங்கி உப்புப் பூக்கும். பழைய சுண்ணாம்புத் தரைகளைச் சிமெண்டால் ஒட்டுப்போட்டால் இன்னும் மோசம். சிமெண்ட் ஈரத்தை மூச்சுவிட விடாது; ஒட்டைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு உதிரத் தொடங்கும். வெறுங்காலின் எண்ணெய்ப்பசை இந்தத் தரைக்கு ஒரு கேடும் செய்யாது.

மந்திரசாலையில் கறுப்புத் தரைக்கு இன்னொரு பயனும் உண்டு. சட்டங்களின் வழியே தாழ்வாக வரும் வெளிச்சம் மெருகேறிய தரையில் சறுக்கி, மேலே மச்சுக்குப் போகிறது. ஓரமாக நின்று தரையைச் சாய்வாகப் பாருங்கள், சன்னல் வரிசை நீரில் தெரிவதுபோல் தெரியும். கைப்பேசியில் படமெடுக்கிறவர்கள் இந்த அறையில்தான் தோற்பார்கள். சன்னலைக் குறிவைத்தால் அறை கரியாகும், அறையைக் குறிவைத்தால் சன்னல் வெளுத்துப்போகும். சன்னலுக்கு முதுகு காட்டி, தரையின் பிரதிபலிப்பில் வெளிச்சத்தை அளக்கவிட்டு எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு, சீட்டு வாங்கும்போதே சொல்லி வாங்கிவிடுங்கள்.

அங்கிருந்து ஊட்டுப்புரை. நீண்ட, அலங்காரமே இல்லாத இரண்டு தட்டுகள் (தளங்கள்). இரண்டிலுமாக 2000 பேருக்குச் சாப்பாடு போட்ட இடம். பரணி என்னும் பெரிய சீன ஜாடிகளில் ஊறுகாய் போட்டு வைத்திருப்பார்கள். வேகமாகக் கடந்து போகலாம், ஆனால் ஒரு கோடியில் நின்று மறுகோடிவரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள். நடுவில் தூண் குறுக்கிடாமல் கூரையை எப்படி நிறுத்தினார்கள் என்ற கேள்வி வரும். பதில் அடுத்த கட்டடத்தில் இருக்கிறது.

தாய்க்கொட்டாரம் இங்குள்ளவற்றில் மிகப் பழையது. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. நாலுகெட்டு வீடு: நடுவில் திறந்த முற்றம், நாலு பக்கமும் கூரை உள்நோக்கி இறங்கும், மூலைக்கு ஒரு தூண். முற்றத்தின் ஓரத்தில் நின்று கூரையின் அடிப்புறத்தைப் பாருங்கள். சாய்ந்து இறங்கும் ஒவ்வொரு நீள மரமும் ஒரு கழுக்கோல். அவற்றின் பக்கவாட்டில் துளையிட்டு, ஒரு நீளக் கட்டையை எல்லாவற்றின் ஊடாகவும் ஊசியில் நூல் கோப்பதுபோல் கோத்திருப்பார்கள். அதற்கு வளை என்று பெயர். ஒரு கழுக்கோல் விலக நினைத்தாலும் பக்கத்தில் இருப்பவை விடாது. பாரம் தனி மரத்தில் தங்காமல் கூரை முழுவதும் பரவுவதால்தான் நடுத்தூண் இல்லாமல் நிற்க முடிகிறது.

மூலைக்குப் போனால் வேலை கடினமாகிறது. அங்கே கழுக்கோல்கள் விசிறிபோல் விரிந்து, ஒவ்வொன்றும் வேறு நீளம், வேறு சாய்வு. துளையும் ஒவ்வொன்றிலும் வேறு கோணத்தில் விழ வேண்டும். ஒன்றில் விரற்கடை பிசகினாலும் வளை உள்ளே போகாது. தச்சர் இதையெல்லாம் தரையில் கணக்குப் போட்டு, கீழேயே வெட்டித் துளையிட்டு, மேலே கொண்டுபோய்ப் பூட்டுவார். அரண்மனையின் நுண்ணிய செதுக்கலைவிட இந்த மூலைதான் பெரிய வித்தை என்று தச்சு தெரிந்தவர்கள் சொல்வார்கள். எனக்கும் அதே கருத்து.

பிணைப்புகளில் இரும்பாணிக்குப் பதில் மரமுளையை நம்பியதற்கும் காரணம் இருக்கிறது. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆண்டில் பாதிக்குமேல் காற்றில் ஈரம். இரும்பு துருப்பிடித்தால் உப்பும், உப்பி மரத்தைப் பிளக்கும், பிளவில் தண்ணீர் இறங்கும். மரமுளை அப்படியில்லை, மழைக்காலத்தில் மரத்தோடு சேர்ந்து ஊதி, கோடையில் சேர்ந்து சுருங்கும். பழைய வீட்டைப் பழுதுபார்க்கிறேன் என்று ஆணி அடித்துவைத்த இடங்களில்தான் பத்திருபது ஆண்டில் மரம் இற்றுப்போவதைக் குமரியில் எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம்.

தாய்க்கொட்டாரத்தின் ஒரு மூலையில் ஏகாந்த மண்டபம் என்று சிறிய இடம். அங்கே நிற்கும் பலாமரத் தூணைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். ஒரே மரத்தில் கடைந்தெடுத்தது, உச்சிமுதல் அடிவரை பூவும் கொடியும். பலாமரம் வெட்டிய புதிதில் மஞ்சளாக இருக்கும்; ஆண்டுகள் போகப்போகச் செம்பழுப்பாகி, பிறகு கருஞ்சிவப்பாகும். இந்தத் தூணின் நிறம் எந்தச் சாயமும் இல்லை, வயது. தூணுக்குப் பக்கவாட்டில் வெளிச்சம் இருக்கும்படி நின்றால் கொடி எவ்வளவு ஆழமாகக் குடையப்பட்டிருக்கிறது என்று தெரியும். நேரெதிரே நின்றால் தட்டையாகிவிடும். தொடாதீர்கள். கை எட்டும் உயரத்தில் இருக்கும் இதழ்கள்தான் எந்தப் பழைய தூணிலும் முதலில் மழுங்குகின்றன.

இங்கிருந்து சாரோட்டுக் கொட்டாரத்துக்கு ஒரு சுரங்கவழி போனதாகச் சொல்வார்கள். அடைத்துவிட்டார்கள். பிள்ளைகளோடு போனால் இந்தக் கதையிலேயே நேரம் போய்விடும். மேலே பார்க்கவும் சொல்லுங்கள்.

அரண்மனையின் நடுவில் நாலு தட்டாக எழுவது உப்பரிகை மாளிகை, மார்த்தாண்ட வர்மர் கட்டியது. கீழே கருவூலம். அதற்கு மேலே அரசரின் படுக்கையறை, அங்கேதான் அந்தப் புகழ்பெற்ற கட்டில். 64 வகை மூலிகை மரங்களைச் சேர்த்துச் செய்தது, டச்சு வணிகர்கள் பரிசளித்தது என்பது இங்குள்ள வழக்கு. கூட்டம் முழுக்கக் கட்டிலைச் சுற்றியே நிற்கும். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்புங்கள். வாளும் கட்டாரியும் வைப்பதற்காகச் சுவரிலேயே விட்ட மாடங்கள் இருக்கும். படுக்கையறையிலும் ஆயுதத்துக்குக் கையெட்டும் இடம் வேண்டியிருந்தது. எதிரிகளுக்குத் தப்பி ஒளிந்து திரிந்த மார்த்தாண்ட வர்மரின் இளமைக்காலத்தைப் படித்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது. அடுத்த தட்டு அரசர் விரத நாட்களில் தங்கிய இடம்.

உச்சித்தட்டு பத்மநாபசுவாமிக்கு உரிய அறை. நாலு சுவரிலும் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியங்கள்: புராணக் காட்சிகள், இடையிடையே அந்தக்காலத் திருவிதாங்கூர் வாழ்க்கை. வழக்கமாகப் பார்வையாளர்களை அங்கே விடுவதில்லை. "காசு வாங்கிட்டு அடைச்சு வச்சிருக்காங்க" என்று சண்டை போடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கேரளச் சுவரோவியம் காய்ந்த சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டுவது. காவிச் சிவப்பு, காவி மஞ்சள், பச்சை, வெள்ளை, விளக்குக்கரிக் கறுப்பு என்று நிறங்கள் சில மட்டும்தான். நிறம் பூச்சுக்குள் ஊறிப்போவதில்லை, மேலே ஒட்டியிருக்கும். காற்றோட்டம் குறைந்த சின்ன அறையில் ஐம்பது பேர் மூச்சுவிட்டால் அந்த ஈரம் சுவரில்தான் படியும். காய்ந்து, படிந்து, மறுபடி காய்ந்து என்று நாள்தோறும் நடந்தால் நிறம் செதில் செதிலாகப் பெயரும். அடைத்து வைத்திருப்பதால்தான் அந்த ஓவியங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன.

இதற்குப் பிறகு வரும் கொட்டாரங்களின் பெயர்களிலேயே குமரித் தமிழின் மணம் இருக்கும். வேப்பமூட்டுக் கொட்டாரம், பிலாமூட்டுக் கொட்டாரம். மூடு என்றால் மரத்தின் அடி. நாகர்கோவிலில் வேப்பமூடு சந்திப்பைத் தெரியாதவர் யார்? பிலா என்பது பலா. மரத்தடிப் பெயரை மாளிகைக்கு வைத்த மனிதர்கள் இவர்கள். இந்தப் பகுதியில் நடை ஒடுக்கம், ஒரே திசையில்தான் ஆட்கள் நகர்வார்கள். எதையாவது விட்டுவிட்டு திரும்பிவந்து பார்க்கலாம் என்றால் நடக்காது. நீண்ட நடையில் மாட்டியிருக்கும் மார்த்தாண்ட வர்மர் வரலாற்று ஓவியங்கள் பிற்காலத்தவை, மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

அம்பாரி முகப்பை மட்டும் நின்று பாருங்கள். யானைமேல் வைக்கும் அம்பாரியின் வடிவில் தெருப்பக்கம் நீட்டிய சன்னல்மாடம். தேரோட்டத்தையும் தெருவில் கூடிய சனங்களையும் அரசர் அங்கிருந்து பார்த்தார். யானையில் போகாமலே அம்பாரியில் உட்கார்ந்த மாதிரி. இந்திர விலாசம் விருந்தினருக்கானது. உயர்ந்த கூரையும் பெரிய சன்னலும் ஐரோப்பியச் சாயல். இவ்வளவு நேரம் தாழ்ந்த கூரைகளுக்குள் இருந்துவிட்டு அங்கே போனால் வெளிச்சம் அதிகம்தான், ஆனால் வெக்கையும் கூடவே வரும். உள்ளூர்த் தச்சர் எதற்காகக் கூரையைத் தாழ்த்தினார் என்பது அந்த ஒரு அறையில் உடம்புக்கே புரியும்.

கடைசியில் நவராத்திரி மண்டபம். இங்கே மரம் கல்லுக்கு இடம் கொடுக்கிறது. செதுக்கிய கருங்கல் தூண்கள், முகம் தெரியும் கறுப்புத் தரை, ஓரத்தில் மரத்தடுப்பு. தடுப்பில் சின்னச் சின்னத் துளைகள். அரண்மனைப் பெண்கள் அதற்குப் பின்னால் உட்கார்ந்து ஆடலையும் பாடலையும் பார்த்தார்கள். துளையில் கண்ணை வைத்துப் பார்த்தால் மேடை முழுவதும் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் துளைக்குப் பின்னால் இருட்டு மட்டும். மந்திரசாலைச் சட்டத்தின் கணக்குதான் இங்கேயும்.

மணிமாளிகைக் கடிகாரம், முற்றத்தில் இருக்கும் 38 கிலோ உருண்டைக் கல் (படையில் சேர வந்தவர்கள் அதை 101 முறை தலைக்குமேல் தூக்க வேண்டும் என்பது பேச்சு), தெற்குக் கொட்டாரத்தின் வீட்டுச் சாமான்கள், அருங்காட்சியகத்தில் இருக்கும் கல்வெட்டுகள், நாணயங்கள், ஆள் உயர இரும்புக்கூடு எல்லாம் வெளியே வரும் வழியில் பார்த்துவிடலாம்.

முதியவர்களோடு போகிறவர்கள் கவனிக்க: மந்திரசாலைப் படியும் உப்பரிகைப் படியும் முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாது. அவர்களுக்குப் பூமுகம், ஊட்டுப்புரையின் கீழ்த்தட்டு, தாய்க்கொட்டாரம், நவராத்திரி மண்டபம் நான்குமே நிறைவான பார்வை. உள்ளே நுழையும்போதே ஊழியரிடம் சொல்லிவிட்டால் எங்கே காத்திருக்கலாம் என்று வழிகாட்டுவார்கள். பாதி வழி ஏறிவிட்டு இறங்குவதுதான் சிக்கல், பின்னால் ஆள் நிற்கும்.

வெளியே வந்தபின் உடனே வண்டி ஏறாமல் கோட்டைக்குள்ளேயே கொஞ்சம் நடங்கள். அரண்மனை மட்டும் ஆறரை ஏக்கர். அதைச் சுற்றிய கருங்கல் கோட்டைச்சுவர் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். உள்ளே இன்றும் மக்கள் குடியிருக்கும் தேர்த்தெருக்கள், சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களில் ஒன்றான கல்குளம் நீலகண்டசுவாமி கோயில். மகாசிவராத்திரிக்கு "கோவிந்தா கோபாலா" சொல்லிக்கொண்டு ஓடுகிறவர்கள் இந்தத் தெரு வழியாகத்தான் வருவார்கள். மாலையில் நேரமிருந்தால் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையும் பக்கத்தில்தான். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர் படைக்கே தளபதியான, டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்த டிலனாயின் கல்லறை அங்கே உள்ளது. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள்.

அறைகளை நிதானமாகப் பார்ப்பதற்கு நவராத்திரியை ஒட்டிய நாட்களைத் தவிர்க்கலாம். ஆனால் அரண்மனை அருங்காட்சியகமாக இல்லாமல் அரண்மனையாகவே இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் நவராத்திரி ஊர்வலம் புறப்படும் நாளில்தான் வர வேண்டும். உப்பரிகை மாளிகையிலிருந்து உடைவாள் எடுத்துக் கொடுக்கப்படும். கம்பர் வழிபட்டதாகச் சொல்லப்படும், அரண்மனையின் தேவாரக்கட்டு சரஸ்வதி யானைமேல் ஏற, வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில் சேர்ந்துகொள்ள, ஊர்வலம் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும். முதல் இரவு குழித்துறை, அடுத்தது நெய்யாற்றின்கரை. காலை ஏழு மணிக்கெல்லாம் தெரு நிறைந்துவிடும். வண்டியைத் தக்கலையிலேயே விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.